மெழுகில் மிஞ்சியது

அன்று மாலை திசு ஆய்வறையில் மூன்று பேர் இருந்தார்கள். இருவர் பார்க்கும் நுண்ணோக்கியின் ஒரு பக்கம் தலைமை மருத்துவர் ஹால்வர்சன். எதிரே ஏழு மாத வயிற்றோடு டாக்டர் மார்லிஸ். சுவரோரம் அவர்களுக்கு முதுகு காட்டி, சீவும் எந்திரத்தின் முன் லொரீன். எந்திரத்தில் ஒரு மெழுகுப் பாளம். அதற்குள், பிறக்காமலே இறந்த குழந்தையின் மூளையில் வளர்ந்திருந்த கட்டியின் துணுக்கு.

"புற்று கிடையாது. சாதுவான கட்டி," என்றார் ஹால்வர்சன். "பிள்ளையைத் தவிர யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணல."

மார்லிஸ் சிரித்து வைத்தாள்.

"இந்த வகைக் கட்டியில பல், முடிகூட முளைக்கும். இதுல பல் மொட்டு மாதிரி ஏதோ தெரியுது. இன்னும் ஆழமாச் சீவினா கருத்தரங்குல காட்டலாம். உன் கேஸ் மார்லிஸ், நீயே முடிவு சொல்லு."

லொரீன் திரும்பவில்லை. "பிள்ளையோட அம்மா எல்லாத்தையும் திருப்பிக் கேட்டிருக்காங்க டாக்டர். ஒரு துளி விடாமப் புதைக்கணுமாம். மிச்சம் இவ்வளவுதான்."

"சீவுங்க லொரீன்," என்றாள் மார்லிஸ்.

ஜன்னலுக்கு வெளியே டுலூத் நகரத்து ஏரியிலிருந்து எழுந்த பனி நாலு மணிக்கே வெளிச்சத்தை விழுங்கியிருந்தது; திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடி தொண்டையில் ஒட்டிக்கொள்ள, சக்கரம் சுற்றச் சுற்ற, கத்தி எதிலோ உரசிக் கரகரவென்று அரைக்கும் சத்தம் அறையை நிறைத்தது. முதல் கண்ணாடித் தகட்டில் ஒரு வெள்ளை மொட்டு. அடுத்ததில் ஒரு வரிசை. அதற்கடுத்ததில் பற்களின் முனை தேய்ந்திருந்தது.

மென்ற பல்தான் தேயும். மார்லிஸ் அந்தத் தகட்டை ஒதுக்கி வைத்தாள்.

"தீர்ந்துது டாக்டர். வெறும் மெழுகுதான்." லொரீன் எந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். ஹால்வர்சனும் கிளம்பிவிட்டார்.

சத்தம் நிற்கவில்லை.

கரகர. மார்லிஸ் மேசைக்கு அடியில் பார்த்தாள். ஒன்றுமில்லை. கதவருகே போனாள். சத்தமும் கூட வந்தது. மூச்சைப் பிடித்தாள். மிக அருகில். மிகமிக அருகில்.

மேசைக்குத் திரும்பி அந்தத் தாய்க்கான கடிதத்தை அடித்து முடித்தாள்: "தீங்கற்ற கட்டி. மறுபடி வராது. எடுத்த திசு முழுவதையும் தங்களிடமே ஒப்படைத்துவிட்டோம்."

கையெழுத்திட்டாள். சத்தம் நின்றது.

உறையின் பசையை நக்கி ஒட்டினாள். தபால் பெட்டியின் வாயில் தள்ளினாள். உள்ளே விழுந்தது கேட்டது. நிம்மதியாக வயிற்றைத் தடவினாள்.

உள்ளேயிருந்து, தோலோடு சேர்த்து, அவள் விரலை ஒரு பல்வரிசை கவ்வியது.

விடவில்லை.