ஐம்பது கிராம் இழுவை

பத்து மணிக்கு மெல்லும் மணி அடித்ததும் தென்முனைக் குடியிருப்பே வாயை அசைக்கத் தொடங்கியது. துளைக்கூடத்தில், அடுக்களையில், பள்ளிக்கூடத்தில் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு, ஆளுக்கொரு மெல்கட்டியைக் கடைவாயில் அதக்கிக்கொண்டு இருபது நிமிடம் அரைத்தார்கள். மெல்கட்டி ரப்பருக்கும் பழைய மிட்டாய்க்கும் நடுவில் ஒரு பொருள். முதல் நிமிடம் இஞ்சி மணக்கும். மிச்சம் பத்தொன்பது நிமிடமும் செருப்பைத் தின்கிற மாதிரிதான்.

டாக்டர் எஸ்தர் கிருபாவதி நாகர்கோவிலிலிருந்து நிலவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தக் கட்டி மட்டும் இன்னும் பழகவில்லை. ஆனாலும் ஒரு நாள் தவறவிட்டதில்லை. இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. எலும்புக்கு வேலை குறைவு. வேலையில்லாத எலும்பை உடம்பு வைத்துக் காப்பாற்றாது, கரைத்துவிடும். சோறே கூழாக வருகிற ஊரில் தாடைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? அதனால்தான் ஐந்து வயதானவுடன் குழந்தைகளுக்கும் மெல்கட்டி.

எஸ்தர் வலப்பக்கம் மட்டுமே மெல்லுவார். இடப்பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பற்களை இருபது வயதிலேயே பிடுங்கியாயிற்று. பல் போன இடத்தில் எலும்பும் கரைந்துபோனது. செயற்கைப் பல் பதிக்கக்கூட இடமில்லை. ஊர் வாயையெல்லாம் பார்க்கிற பல் டாக்டரின் வாய் இந்த லட்சணம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அன்று அவர் மென்றுகொண்டிருந்தபோது பனிமலர் உள்ளே வந்தாள். ஊரே மென்றுகொண்டிருக்க, அவள் வாய் மட்டும் இறுக மூடியிருந்தது.

"என்ன பிள்ளே, மெல்லலியா? மணி அடிச்சாச்சுல்லா?"

"முன்னாடி பல்லு வலிக்குது டாக்டர். வாய அசைச்சாலே உயிர் போகுது."

வலிக்கிறது என்று பனிமலர் சொன்னால் அது சாதாரண வலியாக இருக்காது. இருபத்து மூன்று வயது. நிலவிலேயே பிறந்து வளர்ந்த முதல் தலைமுறை. பனி துளைக்கும் வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை கைவிரல் நசுங்கியபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வந்தாள். எஸ்தர் தன் கட்டியைத் துப்பிவிட்டுக் கையுறையை மாட்டினார்.

"வாயத் தொற மக்களே."

மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டையும் விரல் நுனியால் லேசாகத் தொட்டார். இரண்டும் ஆடின.

ஏழு மாதத்துக்கு முன் அந்தப் பற்களை நேராக்க வேண்டும் என்று பனிமலர்தான் கேட்டு வந்தாள். அழகுக்காக இல்லை. வெளியே போகிறவர்களின் காப்புடையில் கடிவாய் என்று ஒரு துண்டு உண்டு. இரண்டு கையும் துளைப்பொறியில் மாட்டிக்கொண்டிருக்கும் என்பதால், ஆக்சிஜனைக் கூட்டுவது, குறைப்பது, பேசுவது எல்லாம் முன்பற்களால் கடித்துத்தான். எல்லாக் கடிவாயும் பூமியில் ஒரே அச்சில் வார்த்தவை. நிலவில் பிறந்தவர்களின் தாடையோ குறுகல். கூழ் குடித்தே வளர்ந்த அந்தத் தாடையில் பற்கள் டவுன் பஸ்ஸில் நிற்பவர்களைப்போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். கடிவாய் சரியாக உட்காராது. அதனால் நிலவில் பிறந்தோர் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இன்னும் பதினெட்டு நாளில் நிழல்பள்ளத்துக்குப் பத்து நாள் பயணம் ஒன்று கிளம்புகிறது. சூரியனையே பார்க்காத அந்தப் பள்ளத்தில் முதல் துளையைத் தான்தான் போட வேண்டும் என்று பனிமலர் நான்கு வருடமாகக் காத்திருந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் வந்த நிழற்படத்தை எஸ்தர் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இந்த ரெண்டு பல்லுக்கும் வேர் பதிமூணு மில்லி இருந்துது. இப்ப ஏழுதான் இருக்கு. மிச்சம் எங்க பிள்ளே?"

பனிமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வேர் எப்படி டாக்டர் குறையும்?"

"திருகி எவ்வளவுல வச்சிருக்க?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதான். அம்பது கிராம்."

பற்களை இணைக்கும் கம்பியில், இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் அரிசி அளவுக்கு ஒரு நுண்திருகி இருந்தது. முதல் ஐந்து மாதம் எஸ்தரே அதை மாதாமாதம் சரிபார்த்தார். கடைசி இரண்டு மாதம் பனிமலர் வெளிமுகாமில் இருந்ததால் சாவியையும் ஒரு குறிப்புத் தாளையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். இப்போது அளவியை வைத்துப் பார்த்தால் முந்நூறு காட்டியது.

"இது முந்நூறுல்லா!"

"ஆமா. அம்பதை ஆறால பெருக்கினா முந்நூறுதானே?"

அவள் அதை ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதுபோலச் சொன்னாள். ஒரு நல்ல திட்டு எஸ்தரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்தது அங்கேயே நின்றது.

நிலவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பூமியில் துளைப்பொறிமேல் பத்துக் கிலோ மூட்டை வைத்து அழுத்த வேண்டிய இடத்தில் இங்கே அறுபது கிலோ வைக்க வேண்டும். பூமியிலிருந்து எந்தக் குறிப்பு வந்தாலும் பாரத்தை ஆறால் பெருக்கிவிட்டுத்தான் மறுவேலை. துளைக்கூடத்துச் சுவரில் ஆளுயர எழுத்தில் 'ஆறால் பெருக்கினாயா?' என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மறந்தவனுக்கு ஒரு வாரம் கழிவறை கழுவும் வேலை. எஸ்தர் கொடுத்ததோ பூமியில் அச்சடித்த தாள். அதன் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். கம்பி இழுக்கிற இழுப்புக்கு நிலவும் தெரியாது, பூமியும் தெரியாது, இதை மட்டும் பெருக்காதே என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

"நீ ஒண்ணும் தப்பு செய்யல மக்களே. நான்தான் செஞ்சிருக்கேன்," என்றார்.

"எனக்குப் புரியல. அதிகமா இழுத்தா சீக்கிரம் வரணும்தானே? ஆனா முந்நூறு வச்ச முதல் மூணு வாரம் பல்லு அசையவே இல்ல. அப்புறம் திடீர்னு ஓடுச்சு."

எஸ்தர் முக்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பல்லு சுவத்துல அடிச்ச ஆணி இல்ல பிள்ளே. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு மெல்லிசு சவ்வு இருக்கு, அதுக்குள்ள ரத்தம் ஓடுது. மெதுவா இழுத்தா, பல்லு போற பக்கம் எலும்பு கரைஞ்சு வழி விடும், விட்டுட்டு வந்த பக்கம் புது எலும்பு வந்து அடைக்கும். கூட இழுத்தா சவ்வு நசுங்கி ரத்தம் நின்னுரும். அந்த இடமே செத்துரும். பல்லு அசையாது. அப்புறம் செத்ததை வழிச்சு எடுக்க உடம்பு ஆள் அனுப்பும்லா, அதுங்களுக்கு எலும்பு எது வேர் எதுன்னு கண்ணு தெரியாது. ரெண்டையும் சேத்துத் தின்னுட்டுப் போயிரும்."

பனிமலர் நாக்கால் அந்தப் பற்களைத் தடவிப் பார்த்தாள். "விழுந்துடுமா?"

"விழாது. நான் விட மாட்டேன்." இதில் எஸ்தருக்குச் சந்தேகமே இல்லை. "இழுவையை நிறுத்தினா கரையறதும் நிக்கும். வேர்ல இருக்க புண்ணு தானா ஆறும். பின்பக்கம் மெல்லிசாக் கம்பி போட்டுக் கட்டிருதேன். பூமியில மூணு மாசம் சும்மா விட்டாப் போதும். இங்க எலும்பு ஊற நேரம் புடிக்கும், ஒன்பது மாசம். ஆனா போன நீளம் திரும்பி வராது. இந்தப் பல்லை இனிமே யாரும் இழுக்கக் கூடாது. முன்பல்லால எதையும் அழுத்திக் கடிக்கவும் கூடாது."

"கடிவாய்?"

எஸ்தர் கூடாது என்று தலையசைத்தார். பனிமலர் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். விரல் நசுங்கியபோது அழாத பெண் அவள். எஸ்தருக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

கம்பி கட்டி அவளை அனுப்பிய பிறகும் எஸ்தர் நிழற்படத்தை விட்டு நகரவில்லை. முன்வேர்களின் துயரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்த பிறகுதான் படத்தின் பின்பக்கம் பார்வை போனது. கடைவாய்ப் பற்களைச் சுற்றி எலும்பு வெள்ளை வெளேரென்று கெட்டியாக நின்றது. ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று வேர், ஒவ்வொன்றும் ஆழமாக. பூமியில் படித்த காலத்தில்கூட இப்படி ஒரு தாடையை அவர் பார்த்ததில்லை. பதினெட்டு வருடம், ஒரு நாள் விடாமல், இருபது நிமிடம் செருப்பைத் தின்ற தாடை அது.

"அட, மடச்சி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தார்.

வெளிப்பணி மேலாளர் இத்ரீஸ் காயல்பட்டினத்துக்காரர். விதி என்றால் அவருக்கு உயிர். எஸ்தர் தன் தவற்றை ஒளிக்காமல் சொன்னார். அவர் தாடியை நீவிக்கொண்டே கேட்டார்.

"தப்பு யாருதா இருந்தாலும் பல்லு ஆடுது டாக்டரம்மா. அந்தப் புள்ளைய எப்படி அனுப்புறது?"

"முன்பல்லுலதான் கடிக்கணும்னு எந்த விதியில இருக்கு?"

"விதி என்னத்துக்கு? கடிவாய் அப்படித்தானே வருது."

"வருது, ஆனா பூமியில இருந்து வருது. கடிக்கிற சுவிட்சைப் பின்னால தள்ளுங்க. ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லுல கடிக்கிற மாதிரி."

"அவளுக்கு மட்டும் தனியாவா? அது நடக்காது. வெளிய ஒருத்தர் காப்புடை பழுதானா இன்னொருத்தருதை மாட்டணும். எல்லாருக்கும் ஒரே அச்சு. அந்த விதியில உயிர் இருக்கு."

"அப்ப எல்லாருக்கும் மாத்துங்க," என்றார் எஸ்தர். "நம்ம பள்ளிக்கூடத்துல எண்பத்தோரு பிள்ளைங்க. அத்தனைக்கும் அதே தாடைதான். எண்பத்தோரு பேர் வாயை உடைச்சு ஒரு துண்டுல பொருத்தப் போறீங்களா, இல்ல அந்தத் துண்டை மாத்தப் போறீங்களா?"

இத்ரீஸ் தாடியை நீவுவதை நிறுத்தினார். பிறகு பட்டறைக்குப் போன் போட்டார்.

ஒன்பதாம் நாள் புதிய கடிவாய் வந்தது. துளைக்கூடத்தில் கடிச்சோதனை வைத்தார்கள். இரண்டு பக்கமும் இருபது கிலோவுக்குக் குறையாமல் கடிக்க வேண்டும். பூமிக் கிலோ, பெருக்க வேண்டாம் என்று இந்த முறை எஸ்தரே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். இத்ரீஸ் கடித்தார், முப்பத்தெட்டு. பனிமலர் கடித்தாள். எண் ஐம்பதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி எழுபத்து நான்கில் நின்றது. கூடமே விசிலடித்தது. அவள் கன்னமெல்லாம் சிரித்தாள், ஆனால் முன்பற்களை உதட்டால் மூடிக்கொண்டுதான்.

"டாக்டர், நீங்களும் கடிங்க!" என்று யாரோ கூவினார்கள்.

எஸ்தரும் வெள்ளிக்கிழமைதோறும் வெளியே போகிறவர்தான். நான்கு மணி நேரம் நடந்தால் ஒரு மேடு வரும். அங்கே ஏறி நின்றால் பூமி முழுசாகத் தெரியும். ஆறு வருடத்தில் அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே சுகம் அதுதான். கடிவாயை வாங்கி வாயில் வைத்துக் கடித்தார். வலப்பக்கம் முப்பத்தொன்று. இடப்பக்கம் பூஜ்யம். மறுபடி கடித்தார். பல்லே இல்லாத இடத்தில் எதைக் கடிப்பது? மறுபடியும் பூஜ்யம்தான்.

இத்ரீஸ் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "உங்களுக்கு மட்டும் பழசையே வச்சிக்கலாம் டாக்டரம்மா. யாரு கேக்கப் போறா?" என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. மேடும் அங்கே தெரிகிற நீல உருண்டையும் கண்முன் வந்து போயின. "வேண்டாம்," என்றார். "ஒரே அச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுல உயிர் இருக்கு."

பயணம் கிளம்பிய காலையில் எஸ்தர் வெளிவாசல் காற்றறைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றார். பனிமலர் தலைக்கவசத்தை மாட்டும் முன் அருகே வந்தாள்.

"உங்க வெள்ளிக்கிழமை போச்சே டாக்டர். எனக்கு மனசே ஆறல."

"உன் வேர்ல ஆறு மில்லி போயிருக்கு. என் வெள்ளிக்கிழமை போனா என்ன? ரெண்டு மணி நேரம் விடுவாங்கல்லா, வாசல்ல நின்னுட்டு வாரேன்."

"பள்ளத்துல இருந்து படம் அனுப்புறேன்."

"அங்க கும்மிருட்டு பிள்ளே. என்னத்தப் படம் புடிப்ப?"

பனிமலர் சிரித்தாள். இந்த முறை உதட்டை மூடவில்லை. பாதி வழியில் நின்றுபோன பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி தெரிந்தன. பிறகு கவசம் மூடிக்கொண்டது. அவள் கடைவாயால் கடித்ததும் ஒலிபெருக்கியில் குரல் வந்தது. "போய்ட்டு வரேன் டாக்டர். நல்லா மெல்லுங்க."

கதவு மூடியபின் இத்ரீஸ் ஒரு தாளை நீட்டினார். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று உறுதி தருகிற அதே பழைய தாள். பனிமலர் பதினைந்து வயதிலிருந்து வருடந்தோறும் கையெழுத்துப் போட்டது. 'நிலவில் பிறந்தோர்' என்ற சொற்களைப் பேனாவால் அடித்து, மேலே 'பூமியில் பிறந்து கடைவாய்ப் பல் இழந்தோர்' என்று எழுதியிருந்தார்கள். புதுத் தாள் அச்சடிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம்.

எஸ்தர் ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்து மணி அடித்தது. கட்டியை எடுத்து வலப்பக்கம் வைத்துக்கொண்டு, ஊரோடு சேர்ந்து மெல்லத் தொடங்கினார்.