டீச்சரம்மாவும் மாமியாரும் ஒட்டிக்கொண்ட கதை

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றே உதிரட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அன்று காலை அடுப்படியில் பாத்திரங்கள்தான் முதலில் பேசின. ஒவ்வொரு டப்பாவையும் டமார் டமாரென்று வைத்தபடி மாமியார் மருமகளின் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நாலு வயசுப் புள்ளைய விட்டுட்டுப் போன்னு சொல்ல அந்த ஆபீசருக்கு எப்படி மனசு வந்துச்சு? அவன் வாயில கொள்ளிய வைக்க! பாடம் சொல்லிக் குடுக்க வெறைச்சுச் சாகுற ஊருதான் கெடைச்சுதா?”

“விடுங்க அத்தை... போட்ட எடத்துக்குப் போய்த்தானே ஆகணும்...”

சொல்லிவிட்டு மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை யாரும் போடவில்லை. ‘அந்த ஊருக்கே போகிறேன்’ என்று தன் கையால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். ஒரு வருடம் பொறுத்திருந்தால் தெருமுனைப் பள்ளியிலேயே வேலை கிடைத்திருக்கும். அந்த ஒரு வருடத்தை இந்த அடுப்படியில் தள்ள அவளால் முடியவில்லை. அதை எந்த வாயால் சொல்வது?

அந்த ஊர்க் குளிரில் கரும்பலகையில் எழுதியது அப்படியே உறைந்துவிடும். உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். பிள்ளைகள் பதினோரு பேர். கம்பளி மூட்டைக்குள் இருப்பது யாரென்று தெரியாமல் ஓர் ஆட்டுக்குட்டி இரண்டு வாரம் வருகைப் பதிவில் இருந்தது. படிப்பில் மோசமில்லை.

முதல் நாளே பள்ளி வாசலில் நின்று மகளை நினைத்து அழுதாள். இமைகள் இரண்டும் உறைந்து ஒட்டிக்கொண்டன. பள்ளி ஆயா வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தி எடுத்தாள்.

“அழுவுறதா இருந்தா அடுப்புகிட்ட வந்து அழுவு டீச்சரம்மா. வெளிய அழுதா கண்ணு போயிடும்!”

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும் அடுப்பருகே எப்படி அழுவது? குற்ற உணர்ச்சி நெஞ்சிலேயே கட்டிதட்டிக் கிடந்தது.

வாரம் ஒருமுறை கணவனின் போன் வரும். “அம்மா தெனமும் கல்வி ஆபீசுக்குப் போய் உக்காந்துருக்கும்மா. உன்னைத் திரும்ப வரவழைக்காம விடமாட்டேன்னு நிக்குது. அந்த முட்டி வலியோட!”

ஒவ்வொரு தடவையும் உண்மை தொண்டைவரை வந்தது. ஒவ்வொரு தடவையும் விழுங்கினாள்.

மூன்றாம் மாதம், பேத்தியை முதுகில் கட்டிக்கொண்டு மாமியார் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். ஆயா குழந்தையை வாங்கி அடுப்பருகே கொண்டுபோனாள். மருமகள், “அத்தை!” என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இருவரும் ஓவென்று அழுதார்கள்... வெட்டவெளியில்! கன்னத்தோடு கன்னம் உறைந்து ஒட்டிக்கொண்டது.

“அடியே, விடுடி!”

“நான் விட்டுட்டேன் அத்தை... கன்னந்தான் விடல!”

“அசையாதீங்க, தோல் உரிஞ்சிடும்! தண்ணி காய அரை மணி நேரம் ஆவும்!” என்று உள்ளிருந்து ஆயா கத்தினாள்.

ஒருத்தி வாய் இன்னொருத்தி காதில். முகம் பார்க்க வேண்டிய கஷ்டமில்லை. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது?

“அத்தை... என்னை யாரும் இங்க போடல. நானேதான் எழுதிக் கேட்டேன். பெத்த புள்ளைய விட்டுட்டு ஓடி வந்த பாவி நான்... நீங்க எனக்காக அந்த ஆபீஸ் வாசல்ல...”

“தெரியும்.”

“என்னது?”

“மொத நாளே அந்த ஆபீசர் உன் கையெழுத்தைக் காட்டிட்டான்.”

“அப்புறம் ஏன் அத்தை தெனமும் போனீங்க?”

“நான் போகலைன்னா என் மகன் போவான். அவன்கிட்டயும் காட்டுவான்ல? அதான், ‘நான் பாத்துக்கறேன்டா’ன்னு போய் உக்காந்தேன். பாவம் அந்த ஆபீசர், நாற்காலியெல்லாம் போட்டுக் குடுத்தான்.”

மாமியாரின் மூச்சு காதோரம் சூடாக வந்தது.

“முப்பது வருஷமா அந்த அடுப்படியில நிக்கறேன்டி. ஓடிடணும்னு எனக்கு மட்டும் தோணலையா? எழுதத் தெரியல எனக்கு... நீ போனது தப்பில்ல. என்கிட்டயே பொய் சொன்ன பாரு, அதான் வலிச்சுது.”

“மன்னிச்சிருங்க அத்தை... ஐயோ, மன்னிச்சிருங்க...”

“அழாதடி! இன்னும் கெட்டியாப் புடிச்சுக்கும்!”

அழுதாள். இருவருமே அழுதார்கள். ஒரு கெட்டில் வெந்நீர் போதாமல் இன்னும் இரண்டு கெட்டில் காய வைக்க வேண்டியதாயிற்று.

மாமியார் திரும்பிப் போகவில்லை. மகன் தானே சமைத்துக்கொள்வதாகக் கேள்வி.

அந்தப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம், கட்டடம் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை காலியாகவே இருக்கிறது. இதைச் சொல்லி முடிக்கும்போது என் வாயும் அப்படித்தான்.