செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சிகள்

காலை ஏழு மணிக்கு நாதஸ்வரம் ஓய்ந்ததும் ரேடியோக்காரர் தேதி சொன்னார். நவம்பர் பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை என்றார். கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்த காஜா மொய்தீன் திரும்பிப் பார்த்தார். தேதி சரி. ஆனால் கிழமை புதன். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு கிழமை தெரியாமல் பேசுகிறானே என்று வாய்க்குள் திட்டிவிட்டு வெல்லச் சிப்பத்தைப் பிரிக்கப் போனார்.

அந்த ரேடியோ அவருடையது இல்லை, சதுரங்கப்பட்டினத்து ஜனங்களுடையது. எழுதப் படிக்கத் தெரிந்தவர், நாலு பேர் மதிக்கிற மனுஷர் என்று பஞ்சாயத்தார் அதை அவர் கடையில் வைத்துப் பொறுப்பையும் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் கிராம நிகழ்ச்சியை எதிர் மணல்திட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கும்படி வைக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் சீட்டில் எழுதி ஊர்த் தப்புக்காரன் ஏசுபாதத்திடம் கொடுக்க வேண்டும். ஏசுபாதம் தப்படித்துக்கொண்டே குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டு வருவான். ஏற்பாடு அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் தன் வியாபாரம் களைகட்டுவதற்காக அவரே போட்டுக்கொள்வார். கேட்பார் யாரும் இல்லை.

ஏசுபாதம் இப்போது உயிரோடு இல்லை. அவனை நினைக்காமல் ஒரு நாளை ஓட்டுவதற்குக் காஜா மொய்தீன் தினமும் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு மார்க்கெட் நிலவரம் சொன்னார்கள். மணிலாக்கொட்டை மூட்டை விலையைக் கேட்டதும் அவர் கை தராசில் நின்றுவிட்டது. அது போன வருஷத்து விலை. மிளகாய், புளி, எல்லாமே போன வருஷத்து விலைதான். அதோடு, பேசுகிற குரலுக்கு அடியில் வேறொரு சத்தமும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. நனைந்த துணியைப் பிழியாமல் கொடியில் போட்டால் சொட்டுமே, அந்த மாதிரி. குனிந்து காதை வைத்தபோது ரேடியோவின் முகத்துணியிலிருந்து பாசியும் ஊறிப்போன கயிறும் கலந்த வாடை அடித்தது. கடலோரத்துக் கடை, காற்றில் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காற்று அன்றைக்கு மேற்கிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது.

மதியம் மாதர் நிகழ்ச்சி. சோற்றுத் தட்டோடு வந்த அவர் மனைவி ஜெய்புன்னிசா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இத்த அன்னிக்கே கேட்டாச்சேங்க. என் தம்பி கல்யாணத்துல. இந்தம்மா ஊறுகா சொல்லிகினு இருந்துச்சு, நாங்கல்லாம் குந்திகினு கேட்டுகினே இருந்தோம், உள்ள சோறு அடிபுடிச்சிச்சு. இப்ப பாருங்க, உப்ப கடைசில போடச் சொல்லும்."

ரேடியோ அம்மாள் உப்பைக் கடைசியில் போடச் சொன்னாள்.

பழசையே திருப்பிப் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

போன வருஷம் இதே தேதியில், செவ்வாய்க்கிழமை, மச்சான் வீட்டுக் கல்யாணம் திருக்கழுக்குன்றத்தில் நடந்தது. சம்பந்திகள் முன்னால் பவிசு காட்ட வேண்டுமென்று ஊர் ரேடியோவை வண்டியிலேற்றி எட்டு மைல் கொண்டுபோனவர் காஜா மொய்தீன்தான். கல்யாண வீட்டில் அது காலையிலிருந்து பாடியது. சாயங்காலம் எச்சரிக்கையையும் வாசித்தது. அதை அவர் கேட்டார். கையில் பிரியாணி இருந்தது. ஐப்பசி வந்தால் இவன்கள் இப்படித்தான் பயமுறுத்துவான்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி குப்பத்திலிருந்து கடலுக்குப் போன ஏழு பேர் திரும்பவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது, கல்யாண வீட்டிலிருந்தே எழுதிச் சீட்டைக் கொடுத்தனுப்பினேன், ஏசுபாதம் குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து கிடந்திருப்பான் என்று சொன்னார். கடைக்காரர் சொல்லும் சேரிக்காரன் சொல்லும் ஒன்றா? அதிகாரி இவர் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். ஏசுபாதத்துக்கு வேலை போயிற்று. குப்பத்து ஆட்கள் அவனைக் பழைய கோட்டைச் சுவரோரம் வைத்து அடித்தார்கள். நீங்க ஒண்ணுமே குடுக்கலியே பாய், ஒரு வார்த்த சொல்லுங்க பாய் என்று கேட்டுக்கொண்டே அடிவாங்கினான். பாய் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தாம் நாள் அவன் செத்தான்.

இரண்டு மணிக்குப் பள்ளிச் சிறுவர்களுக்கான நிகழ்ச்சி ஆரம்பித்தபோது அவர் எழுந்துபோய் ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தார். பேச்சு நிற்கவில்லை. பாட்டரியின் கம்பிகளைப் பிடுங்கினார். பாட்டரியையே தூக்கிக் கொல்லைப்புறம் வைத்துவிட்டு வந்தார். ஒரு வாத்தியார் நிதானமாக நிலவையும் அலையையும் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருக்கு மகன் நினைவு வந்தது. நூர்முகமது நேற்றுக் கருவாடு எடுக்கப் படகில் கடப்பாக்கம் போயிருந்தான். இன்றைக்குப் பொழுது சாயத் திரும்பிவிடுவேன் அத்தா என்று சொல்லிவிட்டுப் போனவன். ஒரே பிள்ளை. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

நாலு மணிக்கு வீணைக் கச்சேரி. பொன்னி எண்ணெய் வாங்க வந்தாள். போன ஏழு பேரில் ஒருவனான காசிநாதனின் பெண்சாதி அவள். எண்ணெயை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள். இன்றோடு ஒரு வருஷமாயிற்று என்றாள். ஏசுபாதத்தின் பெண்சாதி சந்திரம்மாவை வழியில் பார்த்ததாகவும், தன் புருஷன் எதையும் வாங்கவில்லை என்று அவள் இன்னும் மண்ணை அள்ளிச் சத்தியம் செய்வதாகவும் சொன்னாள்.

"எனுக்கு யாரும் பைசா குடுக்க வாணாம் பாய். நெசம் மட்டும் தெரியணும். சீட்டு குடுத்தீங்களா?"

சொல்லிவிட்டால் இது ஓய்ந்துவிடும் என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லிவிட்டால் பிள்ளை கரை சேர்ந்துவிடுவான். அவ்வளவு தெளிவாக அவருக்கு வாழ்க்கையில் எதுவும் தெரிந்ததில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தெருவில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய கடை, பெயர், பள்ளிவாசலில் முன்வரிசை.

"குடுத்தேன்," என்றார்.

வீணை நடுவில் நின்றது. பொன்னி ரேடியோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போய்விட்டாள். வீணை மறுபடியும் தொடங்கியது.

பொழுது சாய, மஃரிபுக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்தது. அவர் தொழுகைக்குப் போகவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகக் கிராம நிகழ்ச்சிக்கு மணல்திட்டில் முப்பது பேராவது வந்து உட்காருவார்கள். இன்றைக்கு யாரும் வரவில்லை. தெருவே காலி. அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் வாசற்படி தாண்டிப் போகவில்லை.

கிராம நிகழ்ச்சியில் இரண்டு குடியானவர்கள் எருவைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அப்புறம் அந்தக் குரல் வந்தது. வங்கக் கடலில் புயல். மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்.

போன வருஷம் இரண்டு தடவை வாசித்தார்கள். அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்றைக்கு மூன்றாவது தடவையும் வாசித்தது. நாலாவது தடவை. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, எழுதுகிறவனுக்குச் சொல்வது போல. அவர் எழுதவில்லை.

பிறகு ரேடியோ பேசவில்லை.

சொட்டுகிற சத்தம் மட்டும்.

கடற்கரைப் பக்கம் தப்புச் சத்தம் எழுந்தது. ஒரு அடி. ஒரு இடைவெளி. ஒரு அடி. குப்பத்துக் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாக வந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு நாயும் குரைக்கவில்லை. கோட்டைச் சுவரைத் தாண்டியது. கடைத்தெருவுக்குள் திரும்பியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தப்பு நின்றது. வாசலுக்கு எதிரே.

மணலில் ஆட்கள் உட்காருகிற சத்தம். ஒவ்வொருவராக. ஈர வேட்டி மணலில் படிகிற சத்தம். பாசி வாடை கடையை நிறைத்தது.

கண்ணைத் திறந்தார்.

விளக்கு வெளிச்சம் இப்போது மணல்திட்டு வரை போயிருந்தது. ஓரத்தில் ஏசுபாதம் தப்போடு நின்றான். அவனுக்கு முன்னால், எப்போதும் போல ரேடியோவைப் பார்த்து, வரிசையாகக் காசிநாதனும் மற்றவர்களும். தலை குனிந்திருந்தார்கள். எண்ணினார். ஏழு.

மறுபடியும் எண்ணினார். எட்டு.

உள்ளேயிருந்து ஜெய்புன்னிசாவின் குரல் கேட்டது.

"இன்னாங்க, காலடிச் சத்தம் கேக்குதே. நூரு வந்துட்டானா? கால் கழுவத் தண்ணி எடுத்தாரட்டா?"

வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவன் அம்மாவின் குரல் கேட்டுத் தலையை நிமிர்த்தினான். வாய் திறந்தது. தண்ணீர் வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.