வாசலில் கழற்றி வைத்தது

அந்த இடத்தை யாரோ கூட்டி வைத்திருந்தார்கள்.

காடு முழுவதும் பைன் மரங்களின் ஊசியிலைகள் கணுக்கால் புதையுமளவுக்கு உதிர்ந்து கிடந்தன. மரங்களில்லாத அந்தச் சின்ன வெட்டையில் மட்டும், சரியாக ஒரு கூடாரம் அடிக்கக்கூடிய அளவுக்கு, மண் துப்புரவாகக் கிடந்தது. ஒரு சுள்ளி இல்லை, ஒரு சருகு இல்லை. ஓரத்தில் எப்போதோ கல் அடுக்கித் தீ மூட்டிய அடுப்பு ஒன்று இருந்தது. கற்களில் பச்சைப் பாசி தடிப்பாகப் படர்ந்திருந்தது. நிலாணி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். வருடக்கணக்காக அங்கே ஒருவரும் நெருப்பு மூட்டவில்லை. பிறகு யார் மெனக்கெட்டு வந்து நிலத்தைக் கூட்டினார்கள்?

"இஞ்சை பாருங்கோப்பா, ஆரோ கூட்டி வைச்சிருக்கினம்."

"நல்லதாப் போச்சு. உமக்கு ஒரு வேலை மிச்சம்," என்ற கிருபன், கூடாரப் பையைத் தோளிலிருந்து இறக்கி அந்த வெறும் மண்ணில் பொத்தென்று போட்டான்.

இனியும் இடம் தேட அவனுக்குப் பொறுமை இல்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு செப்டெம்பர் நீண்ட வார இறுதிக்குக் காம்பிங் போகிறேன் என்று, மல்வேர்னில் தங்கள் கட்டடத்தில் லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன், பார்க்கில் இடம் பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துபோனான். பார்க் வாசலில் நின்ற பெண் சிரித்த முகத்தோடு இடமில்லை என்றாள். அப்படியே ஊர் திரும்பினால் தீபாவளி வரைக்கும் நக்கலடிப்பார்கள். ஆகவே பேனாட் அண்ணையின் பேச்சைப் பிடித்துக்கொண்டான். பேனாட் அண்ணை அவனோடு ஒரே தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர், மீன்பிடிப் பைத்தியம்.

"பார்க் என்னத்துக்கடா? நோர்த் பே தாண்டிப்போனால் எல்லாம் அரசாங்கக் காடு. விரும்பின இடத்திலை ரென்ற் அடிக்கலாம், கேக்க ஆளில்லை. மரம் ஏத்துற லொறி போற றோட்டாலை போ. புல்லு முளைச்ச பாதையள் பக்கத்தாலை பிரியும். உள்ளுக்குப் போய், கல்லடுப்பு ஒண்டைக் கண்டியெண்டால் அதுதான் இடம்," என்று அவர் சொல்லியிருந்தார்.

சொல்வதற்கு லேசு. முதலில் நுழைந்த பாதை சேற்றில் முடிந்தது. அடுத்ததில் யாரோ கொண்டுவந்து தள்ளிய பழைய குளிர்சாதனப்பெட்டி ஒன்று, கதவு திறந்தபடி மல்லாந்து கிடந்தது. மூன்றாவது பாதையில் ஒரு மரக்குற்றி குறுக்கே விழுந்திருக்க, காரை அங்கேயே விட்டுவிட்டுச் சாமான்களைச் சுமந்து நடந்தார்கள். ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற தூரம்தான். பாதை வளைவில்லாமல் கிடந்ததால், வெட்டையில் நின்று பார்க்கும்போது மரங்களுக்கிடையே காரின் வெள்ளை முகம் தெரிந்தது. நிலாணிக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது.

அவளுடைய பயம் எல்லாம் பிள்ளையைப் பற்றியதுதான். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கியவள் அட்சயா. ஆறு வயது. மழையில் நனைந்தால் நெஞ்சு அடைத்து முட்டு இழுக்கும், பிறகு இரவிரவாக ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவளைக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்திருந்தால்தான் நிலாணிக்கு மூச்சு ஒழுங்காக வரும். கிருபன் அதற்காக அவளை எத்தனையோ தடவை பகிடி பண்ணியிருக்கிறான். அவள் அதைக் கணக்கெடுப்பதில்லை.

கூடாரத்தை நிமிர்த்துவதற்குள் இருவருக்கும் சீ என்று போய்விட்டது. கம்பி ஒன்று வளைய மறுத்தது, கிருபன் பிழையான ஓட்டைக்குள் விட்டுவிட்டு ஓட்டையைத் திட்டினான். ஒருவழியாக எழும்பி நின்றதும் நிலாணி வாசலில் ஒரு பிளாஸ்ரிக் பையை விரித்தாள். வீடு பதினோராவது மாடியில் இருந்தால் என்ன, காட்டில் துணியால் இருந்தால் என்ன, வாசல் வாசல்தான். கிருபனின் சப்பாத்து, அவளுடைய ரப்பர் செருப்பு, அட்சயாவின் ரோஸ் நிறச் செருப்பு மூன்றும் வரிசையாக அங்கே அமர்ந்தன.

உள்ளே பாயை விரித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு அந்த அமைதி உறைத்தது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. கடிக்க ஒரு நுளம்பு இல்லை, மரங்களுக்கு அப்பால் ஏரி ஒன்று இவ்வளவு கிட்ட இருந்தும். ஒரு மணம் மட்டும் இருந்தது: கனகாலம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற மக்கல் மணம். சுவரோ கூரையோ இல்லாத காட்டில் அந்த மணம் எங்கிருந்து வரும் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தவள், செருப்பைப் போடக் குனிந்தாள்.

அட்சயாவின் செருப்புக்குப் பக்கத்தில் இரண்டு மரப்பட்டைத் துண்டுகள் இருந்தன.

பேர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டை. இரண்டும் ஒரே நீளம். மற்றச் செருப்புகளைப் போலவே கூடாரத்தைப் பார்த்தபடி, அதே இடைவெளி விட்டு, ஒன்றோடொன்று ஒட்டி வைக்கப்பட்டிருந்தன.

"அட்சயா, என்ன விளையாட்டிது?"

"நான் வைக்கேல்லை, அம்மா. ப்ரொமிஸ்."

"இதென்ன செருப்பே? குப்பை!" என்று நிலாணி அவற்றை எடுத்துப் பற்றைக்குள் எறிந்தாள். பட்டையின் உட்புறம் ஈரமாக இருந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் விரல்களில் அந்த மக்கல் மணம் இருந்தது.

பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள். கிருபன் ஒரு பேப்பர் முழுவதையும் எரித்து, கடைசியில் அடுப்பில் நெருப்பைப் பிடிக்கவைத்தான். பிறகு கை கழுவ மூவருமாக ஏரிக்கரைக்குப் போனார்கள். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. வானம் தாழ இறங்கி இருண்டுகொண்டு வந்தது. நிலாணி பிள்ளையின் மணிக்கட்டை விடவே இல்லை. அங்கே நின்ற நேரமெல்லாம், பின்னால் வெட்டைப் பக்கமிருந்து ஏதோ ஒரு சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கரகரவென்று. நின்று. பிறகும் கரகரவென்று. அணிலாயிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது பிளாஸ்ரிக் பையில் ஒரு சோடி இருந்தது.

பையின் கடைசி ஓரத்தில். அவர்கள் மூவரின் செருப்புக்கும் இடம் விட்டு.

இந்தத் தடவை பட்டையைப் பாத வடிவில் எடுத்திருந்தது. இடது, வலது பார்த்து ஓரங்கள் வளைந்திருந்தன. நடுவில் துளையிட்டு, மெல்லிய மரவேர் ஒன்றைக் கோத்து, அவளுடைய ரப்பர் செருப்பின் வார் மாதிரியே இழுத்து முடிந்திருந்தது. கிருபனின் சப்பாத்தைவிட ஒரு சாண் நீளம். நிலாணி குனிந்து பார்த்தாள். ஓரங்களில் கத்தி பட்ட தடம் இல்லை. எல்லாம் பற்குறி. வரிசை வரிசையாக, பொறுமையாகக் கடித்து எடுத்த பற்குறி.

கிருபனுக்கும் சிரிப்பு முழுதாக வரவில்லை. "பக்கத்திலை ஆரோ வெள்ளைக்காரப் பெடியள் காம்ப் அடிச்சிருக்கிறாங்கள் போலை. பகிடி விடுறாங்கள்," என்றான். காட்டைப் பார்த்து, "ஹலோ!" என்று கத்தினான். அந்தச் சத்தம் எதிலும் பட்டுத் திரும்பவில்லை. சோடியைத் தூக்கி நெருப்பில் போட்டான். "நல்ல செருப்பு!" என்றான். பட்டை சுருண்டு புகைந்தது.

"ஐயோ அப்பா, ஏன் எரிச்சனீங்கள்? அது அந்த அங்கிளின்ரை," என்றாள் அட்சயா.

நிலாணி மண்டியிட்டு மகளின் இரண்டு தோள்களையும் பிடித்தாள். "எந்த அங்கிள், குஞ்சு?"

"ட்ரீக்குப் பின்னாலை நிண்டவர். நீங்கள் ரென்ற் அடிக்கேக்கை. எங்கடை ரென்ற்றைப் பாத்துக்கொண்டு நிண்டவர். வர விருப்பம் போலை கிடந்தது. அதுதான் சொன்னனான்."

"என்ன சொன்னனீ?"

"செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ எண்டு."

வீட்டுக் கதவைத் திறந்து, வருகிறவர்களிடம் அப்படிச் சொல்லப் பழக்கியவள் நிலாணிதான். பிள்ளை அதை மழலையில் சொல்லும்போது விருந்தாட்கள் உருகிப்போவார்கள். மூன்று வருடமாக அவளும் பெருமையோடு கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"ஆனா அவரிட்டை ஷூஸ் இல்லை, அம்மா. கழட்ட ஒண்டுமில்லை. அதாலைதான் பாவம், வரேல்லை."

நிலாணி எழும்பினாள். "வெளிக்கிடுங்கோ," என்றாள் கிருபனிடம். "இப்பவே. ரென்ற் கிடக்கட்டும். ஒண்டும் வேண்டாம்."

அவன் மறுத்துப் பேசவில்லை. அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினான். அந்த நேரம் பார்த்து மழை சோவென்று கொட்டத் தொடங்கியது. அடுப்பு நெருப்பு சீறி அணைந்தது.

"பிள்ளையை நனைய விடாதையும். அந்தக் குத்தியை உருட்டிவிட்டால் கார் வாசலுக்கே வரும். நீர் உள்ளுக்கு இரும், வாறன்."

"நாங்களும் வாறம்! கிருபன்!"

அவன் ஓடிவிட்டான். சப்பாத்துச் சத்தம் சேற்றில் சளக் சளக்கென்று தூரமாகி மழையில் கரைந்தது. அவளுக்கு அவன்மேல் அழுகையும் கோபமுமாக வந்தது. பிள்ளையைத் தூக்கிக் கூடாரத்துக்குள் விட்டு, இருவரின் செருப்பையும் வழமைபோல வெளியே கழற்றிவிட்டு, வாசல் சிப்பை இழுத்து மூடினாள். ரோச்லைற்றை எரிக்கப் பயமாக இருந்தது. எரித்தால் தாங்கள் இருக்கும் இடம் தெரியும் என்று நினைத்தாள். தெரியாமலா இருக்கிறது என்றும் நினைத்தாள். மகளைப் பாயின் மூலைக்குத் தள்ளி, தான் வாசலுக்கு நேரே, முழங்காலில் இருந்தாள்.

மழை துணியில் அடித்தது. மேலே கிளைகள் உராய்ந்தன. துணியில் எங்கோ ஒரு துளி சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மக்கல் மணம் துணியின் தையல்களுக்குள்ளால் மெல்ல மெல்ல உள்ளே வந்து, மூக்கிலும் நாக்கிலும் ஒட்டிக்கொண்டு, பிள்ளையின் தலைமயிரில் இருந்த ஷாம்பு வாசனையையும் மூடிவிட்டது.

பிறகு நடை.

ஆறுதலான நடை. சேற்றில் அல்ல, ஊசியிலைகளின் மேல். வந்து வாசலில் நின்றது.

"கிருபன்?"

துணிக்கு அப்பால் ஏதோ குனிகிற அசுமாத்தம். சப்பாத்து நாடாவை அவிழ்க்கிறான் போல. இந்த நேரத்திலும் அவிழ்த்துவிட்டு வருகிறானே, எல்லாம் என் வாய்க்குப் பயந்துதான், என்று நிலாணியின் நெஞ்சு ஒரு கணம் இளகியது. சிப்பைத் திறக்கக் கையை நீட்டினாள்.

முறுக்கென்று ஒரு சத்தம். முருங்கைக்காயை முறிக்கிற மாதிரி. ஈரமாக.

பிளாஸ்ரிக் பையில் எதையோ மெதுவாக வைக்கிற சத்தம்.

கை நின்றது.

தூரத்தில் கார் ஸ்ராட் ஆனது. பாதையின் அந்தப் பக்கம், ஒரு பாட்டுத் தூரத்தில். லைற் எரிந்தது. மரங்களுக்கிடையால் வெளிச்சம் நேராக வந்து கூடாரத்தில் விழுந்தது.

துணியில் ஒரு நிழல்.

உயரம். கூடாரத்துக்கு மேலே போய், தோளோடு வெட்டுப்பட்டு நின்றது. ஒரு பக்கம் சரிந்து நின்றது, ஒரு காலில் தாங்கி நிற்கிறவர்கள் நிற்பது போல. அது குனிந்தது. நீளமான கைகள் கீழே போயின.

முறுக்.

இரண்டாவதையும் வைத்தது.

நிழல் நிமிர்ந்தது. நேராக நின்றது. முன்பைவிட ஒரு சாண் குறைவாக.

கார் ஹோர்ன் அடித்தது. அங்கே. அவ்வளவு தூரத்தில். கிருபன் குற்றியோடு மல்லுக்கட்டுகிறான். "வாங்கோப்பா," என்று நிலாணி வாய்க்குள் சொன்னாள்.

சிப் அசைந்தது.

அவள் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தாள். இழுத்த கை முரட்டுத்தனம் காட்டவில்லை. மரியாதையாக இழுத்தது. விருந்துக்கு வருகிறவர்கள் கதவைத் தள்ளுவது போல, மெல்ல. அவளுடைய விரல்களுக்குள்ளால் சிப் வழுக்கி, ஒவ்வொரு பல்லாக மேலே ஏறியது. கீழே ஒரு கை அகலம் திறந்தது. கார் வெளிச்சம் உள்ளே வந்தது.

பிளாஸ்ரிக் பை. அவளுடைய ரப்பர் செருப்பு. ரோஸ் நிறச் செருப்பு.

பக்கத்தில் இரண்டு பாதங்கள்.

இரத்தம் இல்லை. கழுவி எடுத்த கிழங்கின் நிறம். கணுக்காலோடு கழன்று, விரல்கள் கூடாரத்தைப் பார்க்க, ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காக. மழை அவற்றில் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றில் பெருவிரல் மடங்கி நிமிர்ந்தது.

சிப் மேலே போனது.

நிலாணிக்குப் பின்னால் பாய் சரசரத்தது. அட்சயா தள்ளி இருந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.