பதினொரு சதவீத ஈரம்

பத்து நாளாக அந்தப் புது நெல்லைத்தான் குழந்தைக்குக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்திருந்தாள். அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று லேபிலிருந்து வந்த தாளோடு, மண் பரிசோதகர் வீட்டு வாசலில் நின்றாள் அவள். ‘டெஸ்ட் அக்கா’ என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அம்மாள் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவருக்கும் சேர்த்து அலட்டிக்கொள்ள அவர் கணவர் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரிதான் அவருக்குத் தோன்றும்.

மூடிப்போன தொழிற்சாலையின் கழிவு பட்ட வயல் அது. காட்மியம் ஏறிப்போன போன வருஷ விளைச்சலை, விதைக்கென்று ஒரு மூட்டை மட்டும் விட்டுவிட்டு, அதிகாரிகள் அழித்துவிட்டார்கள். மண்ணின் புளிப்பை எடுத்துவிட்டால் காட்மியம் பயிருக்கு அதிகம் ஏறாது என்று அக்காதான் சுண்ணாம்பு போடச் சொல்லியிருந்தார். புருஷன் போட்டதாகச் சொன்னான். நேற்று தாள் வந்ததிலிருந்து அவள் அதை நம்பவில்லை. அவனோடு பேச்சுவார்த்தையும் இல்லை.

சுண்ணாம்பு விற்றவன் கலப்படம் செய்திருப்பான், இல்லாவிட்டால் புருஷன் பாதி மூட்டையை வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருப்பான் என்றார் கண்டக்டர். அவள் முகம் இன்னும் சுருங்கியது. அக்கா தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, லேபுக்கு நெல் எப்போது போனது என்று மட்டும் கேட்டார். அறுத்த அன்றைக்கே புருஷன் கொண்டுபோய்க் கொடுத்தான் என்றாள்.

வயலில் பத்து இடத்தில் மண் எடுத்து, தண்ணீரில் கரைத்து, சோதனைத் தாளை நனைத்தார் அக்கா. சுண்ணாம்பு போடாத பக்கத்து வயலின் மண், புளிப்பு போகவில்லை என்று தாளை ஆரஞ்சு நிறமாக்கியது. இவர்கள் மண்ணில் பத்துத் தாளும் பச்சை. கண்டக்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவள் வீட்டுக் கூடத்தில், புருஷனையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டு அக்கா நிதானமாகச் சொன்னார்.

“சுண்ணாம்பும் நல்ல சரக்குதான், உன் வீட்டுக்காரரும் ஒரு மூலை விடாம போட்டிருக்கார். ஆனா இந்தத் தாளைப் பாரு, நெல்லோட ஈரம் பதினொரு சதவீதம். அன்னைக்கே அறுத்த நெல்லுல இருபது சதவீதமாவது இருக்கும். மாசக்கணக்கா காஞ்சு கிடந்த நெல்லுதான் லேபுக்குப் போயிருக்கு. காட்மியமும் போன வருஷ அளவுலயே நிக்குது.”

புருஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அறுப்பு மிஷின்லேர்ந்து வந்தது தூசியும் பதருமா இருந்துச்சுக்கா. பெரிய இடத்துக்குப் போறது பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு, விதை மூட்டையிலேர்ந்து ரெண்டு படி அள்ளிட்டுப் போனேன். எல்லாம் நம்ம நெல்லுதானேன்னு நினைச்சேன்.”

கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புது நெல்லை அக்காவே மூட்டை மூட்டையாகக் கை விட்டு அள்ளி, பையில் கட்டி லேபுக்கு அனுப்பினார். ஆறு நாள் அவள் சரியாகத் தூங்கவில்லை.

ஏழாம் நாள் தாள் வந்தது. காட்மியம் அனுமதித்த அளவில் கால் பங்குகூட இல்லை. அவள் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என்னவோ ஏதோ என்று ஓடிவந்த புருஷனிடம் தாளை நீட்டினாள்.

“உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “புள்ளையைத் தூக்கிட்டு வாங்க. கஞ்சி வைக்கிறேன்.”