ரப்பர் விரல்

துளி விடாமலே ரப்பர் விரல் மடங்கியது. கமலாசனி கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள். மூடியை அவள் இன்னும் திறக்கவில்லை.

எண்பத்து மூன்று ஜூலை. அலுமாரியால் ஜன்னலை அடைத்த அந்தக் கட்டுகஸ்தோட்டை வீட்டின் பின்னறையில் கிளிசரின் வாடையோடு சந்தியில் எரிந்த தமிழர் கடைகளின் கரிவாடையும் கலந்து நின்றது; தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது; முன்னறையில் கணவருடைய கதிரை சும்மா கிடந்தது. தேத்தண்ணி பிந்தினால் நவரட்ணராஜா அதன் கைப்பிடியில் விரலால் தட்டுவார். இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. அவள் “வாறன்” என்று குரல் கொடுத்தால்தான் நிறுத்துவார். பொல்லாத மனிசன்.

மேசையில் கிடந்தது அவளுடைய ஆராய்ச்சி. கை இழந்தவர்களுக்கு என்றைக்காவது உதவும் என்று செய்த மெல்லிய ரப்பர் விரல். அதற்குள் இறைச்சியிலிருந்து உரித்து, கிளிசரினில் ஊறவைத்து, உயிரைக் கழுவியெடுத்த தசைநார்கள். மிஞ்சிய புரதங்களில் குப்பிக் கரைசலை ஒரு துளி விட்டால் அவை ஒன்றையொன்று பற்றி இழுக்கும். விரல் மடங்கும். மடங்கியபடியே விறைத்துவிடும். தானாக நிமிரவே நிமிராது.

கலவரம் தொடங்கிய காலையில்தான் அவர் வழக்கம்போல மடவளைக்கு, முனாப்பின் கடைக்கு, இறைச்சி வாங்கப் போனார். திரும்பவில்லை. ஆனால் அன்று பொழுதுபட, பின்வாசலில் பேப்பரில் சுற்றிய இறைச்சி இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இறைச்சி வந்ததென்றால் மனிசன் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். முனாப் ஒளித்து வைத்திருக்கிறான். அந்த நம்பிக்கையில்தான் அவள் விரலுக்காக அதை நார் நாராக உரித்தாள்.

பின்கதவு மெல்லத் தட்டப்பட்டது. முனாப். ஆற்றோரமாக வந்தவன், முழுக்க நனைந்திருந்தான்.

“அவர் உங்கட வீட்டிலதானே நானா?”

“சேர் வரவே இல்ல மிஸ். அவரத் தேடித்தான் வந்த.”

“அப்ப, நீங்கள் அனுப்பின இறைச்சி?”

“நான் ஒண்டும் அனுப்பல்ல. அண்டைக்குக் கடயே தொறக்கல்ல.”

அகதி முகாமுக்குப் போக வேன் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான். அவள் கதவைச் சாத்தினாள். விரல் நுனிகளில் இன்னும் கிளிசரின் பிசுபிசுத்தது.

முதுகுக்குப் பின்னால் மேசை.

திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தட்டு. தட்டு.

மழை ஓய்ந்திருந்தது.

தட்டு.

வேண்டாம் என்று மனம் கதறியது. வாய் பழக்கத்தில் திறந்தது.

“வாறன்.”

சத்தம் நின்றது.

அவள் திரும்பினாள். விரல் நிமிர்ந்து நின்றது. ஈரம் சொட்ட, அவள் குரல் வந்த பக்கம் மெல்லச் சாய்ந்தது.