சறுக்குமரத்துக்குள் ஒருத்தன்!

“ஐயோ... யாராவது இருக்கீங்களா?”

காரைக்குடியில், ஊருணிக் கரைப் பூங்காவில் எழுந்தது அந்த அலறல்.

கேட்க ஆள் இல்லை. இரண்டு ஆடுகள் இருந்தன. அவை கேட்டும் கேளாதது போல வேலியை மேய்ந்தன.

அலறியவன் விஷ்வா. சென்னைக்காரன். பூங்காவைச் சீரமைக்கத் திட்டம் போட வந்த டிசைனர்.

அலறிய இடம்... சறுக்குமரத்தின் வயிறு!

மஞ்சள் ஃபைபர் குழாய். பாம்பு மாதிரி இரண்டு சுற்று. மேல் வாயில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. கீழ் வாயில் சிமென்ட் மூட்டைகள்.

சித்திரை வெயில். அந்தக் குழாய்க்குள் அப்பளத்தை வைத்தால் பொரிந்துவிடும். எண்ணெய்கூட வேண்டாம்.

“கத்தாதீக சார். தொண்டை வறண்டுரும்.”

வெளியே ஒரு குரல்.

பாண்டிமுருகன்! குழாயைக் கொண்டுவந்து நட்ட கான்ட்ராக்டர்.

“யோவ்! நீதானே உள்ள போய் டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு சொன்னே?”

“ஆமா. எப்படி இருக்கு?”

“சுடுதுய்யா! இதைத்தான் தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். இந்த ஊர் வெயிலுக்கு இது ஆகாது. குழந்தைங்க தோல் உரிஞ்சிடும். இதை எடுத்துட்டு வேப்பமரம், மணல், ஊஞ்சல்...”

“இதையே இன்னைக்குத் தெரு மீட்டிங்லயும் சொல்லுவீக. தெருக்காரவுக தலையாட்டிருவாக. அப்புறம் ஊர்ல எந்தப் பார்க்குலயும் என் குழாய் நிக்காது.”

“அதுக்காகக் கொலை பண்ணுவியா?”

“சேச்சே! மீட்டிங் முடியுற வரைக்கும் உள்ளுக்குள்ள இருங்க. அவுக குழாய்க்குச் சரின்னு கை தூக்குனதும் திறந்து விடுறேன்.”

“வெளிய வந்து போலீஸுக்குப் போவேன்!”

“போங்க. சறுக்குமரத்துல மாட்டிக்கிட்டேன்னு எழுதிக் குடுங்க. சிரிச்சு முடிச்சிட்டுத்தான் கேஸே எழுதுவாக. நான் போயி ஒரு குளியல் போட்டுட்டு வாரேன்.”

பைக் சத்தம் தேய்ந்து மறைந்தது.

விஷ்வா உதைத்தான். குழாய் அசையவில்லை. முழங்கை ஒட்டியது. முதுகு ஒட்டியது. நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மூட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் அகல இடுக்கு. அதில் மூக்கை வைத்து மூச்சு வாங்கினான். அது ஒன்றுதான் உயிர்!

நேரம் உருகியது...

திடீரென்று கால்கள்! சேலைக் கரைகள்!

“விஷ்வா படைப்புக்குத்தானே வந்திருக்கீக?”

“ஆமா ஆச்சி.”

கூப்பிட வாய் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் உடம்பு புல்லரித்தது. என் படைப்பு! சாகிற நேரத்திலும் பாராட்டு என்றால் கலைஞனுக்கு இனிக்கும்.

“பாவம், சின்ன வயசு.”

“அந்தப் படத்தை இங்குட்டுச் சாத்தி வை சொக்கு. இங்கனதான் நிழல் இருக்கு. வைச்சதும் பொட்டு வை.”

படமா? பொட்டா?

விஷயம் இதுதான். மற்ற ஊர்களில் படைப்பு என்றால் கவிதை, ஓவியம், டிசைன்.

செட்டிநாட்டில் படைப்பு என்றால்... செத்துத் தெய்வமானவருக்கு இலை போட்டுக் கும்பிடுவது!

மீட்டிங்குக்காக விஷ்வாவின் சென்னை ஆபீஸ் அனுப்பிய பேனரை ஆட்டோக்காரர் காலையிலேயே முன் கேட்டில் கட்டிவிட்டுப் போயிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். அதுதான் ஸ்டைலாம். கீழே கொட்டை எழுத்தில், ‘விஷ்வாவின் படைப்பு. அனைவரும் வருக!’

விஷ்வாவும் பாண்டிமுருகனும் பின் கேட் வழியாக வந்தவர்கள். பார்க்கவில்லை. காவலாளி சொக்கு பார்த்தார். பதறிப்போய்த் தெருச் சங்கத் தலைவி கண்ணாத்தாள் ஆச்சியிடம் ஓடினார்.

ஆச்சி என்றதும் கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வயது. ஸ்கூட்டியில் பறப்பவர். தெருவையே திரட்டிவிட்டார். படைப்புக்கு வெறுங்கையோடு வருவார்களா? இலை, வடை, பாயசம், எல்லாம் வந்தன.

கேட்டிலிருந்து அவிழ்த்து வந்த பேனரைச் சொக்கு குழாயின் கீழ் வாயில் சாத்தினார்.

இடுக்கு அடைபட்டது. வெளிச்சம் போயிற்று. காற்றும் போயிற்று!

அடைத்தது... விஷ்வாவின் முகமேதான்!

“சொந்தபந்தம் ஒருத்தரையும் காணோமே ஆச்சி?”

“பட்டணத்துல வீடு சின்னதா இருக்கும். அதான் பார்க்குலயே வச்சிருக்காக.”

“எப்படிப் போனாராம்?”

“யாருகிட்டப் போயிக் கேக்க?”

விஷ்வா மிச்சமிருந்த உயிரையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்தான்.

டொம்!

“ஆச்சி... சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. ஏத்துக்கிட்டாரு. சூடத்தைப் பொருத்து!”

சூடம் எரிந்தபோது பைக் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் மைக். பாண்டிமுருகன்!

பார்த்தான்.

சறுக்குமரத்தின் காலடியில் விஷ்வா படம். பொட்டு. இலை. கண்ணைத் துடைக்கும் பெண்கள்.

மைக் நழுவியது.

“ஆச்சி... போ... போயிட்டாரா?”

“போயிட்டாருப்பா.”

பாண்டிமுருகன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“நான் கொல்லலை ஆச்சி! மீட்டிங் முடியுற வரைக்கும்தான் அடைச்சு வச்சேன்! இம்புட்டு வெரசா வெந்துருவாருன்னு சத்தியமாத் தெரியாது!”

ஆச்சியின் அழுகை பட்டென்று நின்றது.

“எங்குட்டுடா அடைச்சு வச்சே?”

அவன் விரல் குழாயைக் காட்டியது.

டொம்!

தெருவே குழாய் மேல் பாய்ந்தது. பேனர் பறந்தது. மூட்டைகள் உருண்டன. கறுப்பு வெள்ளையில் இருந்த அதே முகம், இப்போது செக்கச் செவேலென்று வெளியே சறுக்கி வந்தது!

ஒரு குடம் தண்ணீர் தலையில். ஒரு செம்பு வாயில். விஷ்வாவுக்கு உயிர் வந்தது. குரலும் வந்தது.

“ஆச்சி... மீட்டிங்...”

“இந்தா, இப்பவே முடிச்சிருவோம். இந்தக் குழாய் இருக்கட்டும்னு சொல்றவுக கையைத் தூக்குங்க!”

ஒரு கையும் எழவில்லை. தூக்க ஆசைப்பட்டவன் ஒருத்தன்தான். அவன் கைகளைச் சொக்கு தன் துண்டால் பின்னால் கட்டியிருந்தார். போலீஸ் வந்துகொண்டிருந்தது.

“அப்போ... என் வேப்பமரம்?”

“நட்டாச்சுன்னு வச்சுக்கங்க தம்பி. முதல்ல இலையில உக்காருங்க. உங்களுக்குப் போட்டதுதான்.”

விஷ்வா உட்கார்ந்தான். ஒரு வடையை விழுங்கினான். இன்னொன்றைப் பிய்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“ஆச்சி... சட்னி இருக்கா?”

கண்ணாத்தாள் ஆச்சி இடுப்பில் கை வைத்தார்.

“எத்தனையோ பேருக்குப் படைச்சிருக்கோம் தம்பி. சட்னி கேட்ட மொத ஆளு நீங்கதான்!”